திரைக்கு வெளியே விழுந்த க்ளிக்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. நம்பித்தான் ஆக வேண்டும். கீழே வரும் நேரங்களை நான் எழுதவில்லை. கணினி எழுதியது. நொடி உட்பட எழுதியது.

என் தொழில், பழைய மென்பொருள்கள் திரையில் திறக்கும் ஜன்னல்களில் கோளாறு பார்ப்பது. பட்டனை அழுத்தினால் திரை உறைந்துபோகும். ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை வேலை செய்யும். 'நிச்சயமா?' என்று கேட்கும் பெட்டி பெரிய ஜன்னலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கேள்வி கண்ணுக்குத் தெரியாத எரிச்சலில் ஆள் எதையாவது தட்டுவார், அதுவே பதிலாகிவிடும். என் அக்கா வீட்டுக்காரர் எனக்கு வைத்த பெயர் 'ஜன்னல் மெக்கானிக்'. பதினாறு வருடமாக இதே பிழைப்பு. காரணம் இல்லாத கோளாறை நான் பார்த்ததே இல்லை. யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் டீயைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விடுவேன்.

அக்கா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். வந்த ரிப்போர்ட்டுகளைச் சரிபார்த்து, சரி என்று அனுப்புவது அவள் பொறுப்பு. ஒரே மாதத்தில், அவள் 'சரி' கொடுத்த பதினொரு ரிப்போர்ட்டுகள் யாரோ 'மறுபரிசோதனை' பட்டனை அழுத்தியதால் திரும்பிப் போயிருந்தன. பதினொன்றும் அக்கா பெயரில். ஒரு நோயாளிக்கு ஆபரேஷனே தள்ளிப் போனது.

லேப்பை நடத்தும் டாக்டர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "திங்கட்கிழமை காலைல காரணத்தோட வாங்கம்மா. இல்லன்னா வராதீங்க."

அக்கா என்னிடம் வந்து அழுதாள். பத்தொன்பது வருடம் அதே லேப். அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு உலகம் தெரியாது.

"நீ அழுத்தலியா?"

"சத்தியமா இல்லடி."

"தூக்கக் கலக்கத்துல?"

"காலைல பதினோரு மணிக்கு என்னடி தூக்கக் கலக்கம்?"

உண்மையைச் சொல்கிறேன். நான் அவளை நம்பவில்லை. சின்ன வயதில் என் பேனாவை உடைத்துவிட்டு, பேனா தானாகவே உடைந்தது என்று மூன்று நாள் சாதித்தவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை லேப் ஒரு மணிக்கே மூடிவிடும். டாக்டரிடம் கேட்டுச் சாவி வாங்கிக்கொண்டு, 1:35க்கு அக்காவும் நானும் உள்ளே போனோம். நல்ல வெயில். ஜன்னல் வழியாக வெளிச்சம் மேசை வரை விழுந்தது. மாதிரிக் குழாய்கள் வைக்கும் பிரிட்ஜ் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நீள மேசை. இடது பக்கம் கணினி. வலது பக்கம் வெறுமை. அங்கே தூசியில் சதுரமாக ஒரு தடம் மட்டும் தெரிந்தது.

"இங்க என்ன இருந்துச்சு?"

"ரெண்டாவது மானிட்டர். மறுபடி மேடம் இருந்தப்போ ரெண்டு வச்சிருந்தாங்க. அவங்க போனதும் எடுத்து அடுத்த ரூம்ல போட்டுட்டாங்க."

மறுபடி மேடம் அக்காவுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர். எதைக் காட்டினாலும் "மறுபடி பாரு" என்பாராம், அதனால் அந்தப் பெயர். எட்டு மாதத்துக்கு முன் அதே நாற்காலியில் மயங்கிச் சரிந்தார். மூளையில் ரத்தக் கசிவு. இப்போது வீட்டில் படுக்கையாகக் கிடக்கிறார், பெற்ற மகளையே தெரியவில்லை என்று அக்கா சொன்னாள். பாவம் என்றேன். வேலையைப் பார்த்தேன்.

மென்பொருளை எழுதியவர் கடையைக் கட்டிவிட்டுப் போய் வருடங்கள் ஆகின்றன. அவர் எழுதிய மூல நிரல் மட்டும் லேப் டாக்டரிடம் இருந்தது. அதில் ஓர் உளவாளியை வைத்தேன். எந்தப் பட்டனை யார் தொட்டாலும், நேரத்தையும் இடத்தையும் ஒரு கோப்பில் குறித்துவைக்கும் நாலு வரி.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு பட்டனை அழுத்துவது ஒரு செயல் இல்லை, இரண்டு. விரல் இறங்குவது ஒன்று. எழும்புவது ஒன்று. இறங்கிய விரலை எடுக்காமல் மவுஸைப் பட்டனுக்கு வெளியே நகர்த்திவிட்டு எடுத்தால், எதுவும் நடக்காது. மனசு மாறினவர்களுக்கு அது ஒரு தப்பிக்கும் வழி. இரண்டையும் தனித்தனியாகக் குறிக்கச் சொன்னேன்.

பிறகு அக்காவைப் பார்த்தேன்.

"நீ வெளியில போய் உக்காரு."

"என்னையே சந்தேகப்படுறியா?"

"ஆமா."

அவள் முகம் சுருங்கிப்போனது. எழுந்து போய், கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு கையும் மடியில். எனக்கு நன்றாகத் தெரிந்தது.

2:17.

கோப்பில் ஒரு வரி விழுந்தது.

மறுபரிசோதனை பட்டன். விரல் இறங்கியது 2:17:08. எழும்பியது 2:17:12.

நான் மவுஸைத் தொடவே இல்லை. அக்கா பெஞ்சில் இருந்தாள். சாதாரண மனிதன் க்ளிக் செய்ய அரை நொடிகூட ஆகாது. இது நான்கு நொடி.

இடத்தைப் பார்த்தேன். இடது ஓரத்திலிருந்து 2411வது புள்ளி.

அந்தத் திரையின் மொத்த அகலமே 1920 புள்ளி.

அதாவது க்ளிக் திரைக்கு வெளியே விழுந்திருந்தது. கையால் அளந்து பார்த்தேன். மேசையின் வலது பக்கம், தூசித் தடம் இருந்த இடத்துக்கு நேர் மேலே... காற்றில்.

முதலில் சிரித்துவிட்டேன். பாதி விஷயம் எனக்குப் பழகின கோளாறு. மூடும்போது எங்கே இருந்தோம் என்று ஜன்னல் ஞாபகம் வைத்துக்கொள்ளும். மறுநாள் அங்கேயே திறக்கும். மானிட்டரை எடுத்துவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்? இல்லாத திரையில் போய்த் திறந்து உட்கார்ந்திருக்கும். கதவைத் திறந்து அக்காவிடம் கேட்டேன்.

"சரிபார்க்கிற ஜன்னல் உனக்குத் திறக்குதா?"

"எட்டு மாசமா திறக்கவே இல்ல. நான் முன்னாடி வர்ற பட்டியல்லயே வேலையை முடிச்சுக்குவேன்."

சரி. ஜன்னல் ஏன் அங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அங்கே போய் அழுத்துவது யார்? மவுஸ் அம்பு திரையின் ஓரத்தைத் தாண்டவே முடியாது. ஆக, எவனோ வெளியிலிருந்து உள்ளே நுழைந்து விளையாடுகிறான். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன்.

2:31:40. விரல் இறங்கியது. 2:31:45. எழும்பியது.

மவுஸைப் பிடுங்கினேன். கீபோர்டையும் பிடுங்கினேன்.

2:46:15. இறங்கியது. இந்தத் தடவை எழும்பியது பட்டனுக்கு வெளியே. மனசு மாறிவிட்டது.

யாருக்கு?

அதுவரை சந்தேகப்பட எனக்கு ஆள் இருந்தது. இப்போது கணினியில் மின்சார ஒயரும் திரையும் தவிர ஒன்றும் இல்லை.

அக்காவை உள்ளே கூப்பிட்டேன். "சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கோ. அந்த ரெண்டாவது மானிட்டரை எடுத்துட்டு வா."

அதே மானிட்டர். அதே தூசிச் சதுரத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. 3:38க்கு இணைத்தேன்.

வெளிச்சம் வந்தது.

ஜன்னல் அங்கே திறந்தே இருந்தது. ரிப்போர்ட்டுகளின் பட்டியல். மவுஸ் அம்பு இடது திரையின் நடுவில் அசையாமல் நின்றது. வலது திரையில் அம்பே இல்லை. ஆனால்...

பட்டியலில் ஒரு வரி நீலமானது. பிறகு அதற்குக் கீழ் வரி. பிறகு அதற்கும் கீழே. நிதானமாக. யாரோ படிக்கிற வேகத்தில்.

ஒரு வரியில் நின்றது.

மறுபரிசோதனை பட்டன் உள்ளே அமுங்கியது. அமுங்கியே இருந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

எழும்பியது.

அக்கா என் தோளைப் பிடித்தாள்.

"மறுபடி மேடம் இப்படித்தான்டி பண்ணுவாங்க."

"என்ன பண்ணுவாங்க?"

"அழுத்திப் புடிச்சிக்கிட்டே யோசிப்பாங்க. வேணாம்னு தோணினா நகர்த்திட்டு விடுவாங்க. வேற யாரும் இப்படிப் பண்ணி நான் பார்த்ததில்ல."

"அவங்க உயிரோடதானே இருக்காங்க?"

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடிகூட அவங்க பொண்ணுகிட்ட பேசினேனே..."

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும். எதுவாக இருந்தாலும் நாளைக் காலை என் அக்காவின் வேலை போகக்கூடாது. அவ்வளவுதான். கீபோர்டை மட்டும் திரும்பச் செருகினேன். எழுத ஆரம்பித்தேன். ஜன்னல் திரைக்கு வெளியே திறக்கக்கூடாது. அப்படி இருந்தால் இழுத்து உள்ளே கொண்டுவா. திரைக்கு வெளியிலிருந்து வரும் எந்த க்ளிக்கையும் ஏற்காதே. நூறு தடவை எழுதின வரிகள். அன்று மூன்று தடவை தப்பாக எழுதினேன். ஒவ்வொரு தப்புக்கும் அக்கா பின்னால் நின்று, "மெதுவா... மெதுவா..." என்றாள்.

4:48க்கு மென்பொருளின் புதிய பிரதி தயார். பழையதை மூட வேண்டும். மூடும் கட்டளை கொடுத்தேன்.

4:49. வலது திரையில் கேள்விப் பெட்டி வந்தது. 'மூடவா?' ஆம். இல்லை.

நான் எதையும் தொடவில்லை.

'இல்லை' அமுங்கியது.

பெட்டி மறைந்தது.

4:50. திரும்பவும் கட்டளை கொடுத்தேன்.

'இல்லை.'

இந்தத் தடவை நாலு நொடி இல்லை. சட்டென்று.

"வேணாம்டி... விட்டுடு..." அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

4:51.

'இல்லை.' பெட்டி போன பிறகும் அதே இடத்தில்... 'இல்லை' இருந்த அதே இடத்தில்... இறங்கியது, எழும்பியது, இறங்கியது, எழும்பியது. கோப்பில் வரிகள் மளமளவென்று விழுந்தன. கணினியின் ஸ்பீக்கரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம்.

டிக்.

டிக். டிக்.

டிக்டிக்டிக்டிக்...

கேள்வியே கேட்காமல் கொல்லும் கட்டளை ஒன்று உண்டு. அதைக் கொடுத்தேன்.

4:52.

வலது திரை காலியானது.

பிரிட்ஜ் உறுமல் மட்டும்.

இரண்டாவது மானிட்டரைக் கழற்றிவிட்டுப் புதிய பிரதியைப் போட்டேன். ஜன்னல் சமர்த்தாக இடது திரைக்கு வந்து திறந்தது. ஆறு மணி வரை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு க்ளிக்கூட விழவில்லை.

திங்கட்கிழமை காலை, கோப்பை அச்செடுத்து டாக்டர் முன் வைத்தேன். பக்கங்களைத் திருப்பினார். "திரைக்கு வெளியில எப்படிம்மா?" என்றார். "பழைய ப்ரோக்ராம் சார், பைத்தியம் புடிச்சிருக்கு" என்றேன். அவருக்கும் அதைவிட மேலே கேட்க விருப்பமில்லை. அக்காவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அவள் அன்றே வேலையைத் தொடர்ந்தாள். அதன் பிறகு ஒரு ரிப்போர்ட்டும் திரும்பவில்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். பதினோரு நாள் கழித்து, மறுபடி மேடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள் அக்கா. எனக்கு மனசே இல்லை. ஆனாலும் போனேன்.

லேப்பிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். சின்ன அறை. கட்டிலில் ஒரு மெலிந்த உடம்பு. கண் பாதி திறந்திருந்தது. வலது கை போர்வைக்கு வெளியே. விரல்கள் அசையவில்லை. மகள் எங்களுக்கு நாற்காலி போட்டாள்.

"எப்படிம்மா இருக்காங்க?" அக்கா கேட்டாள்.

"நல்லா வந்துட்டே இருந்தாங்கக்கா. ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி வலது கை ஆள்காட்டி விரல் அசைய ஆரம்பிச்சுது. எப்பெல்லாம் அசையுதோ நேரம் போட்டு எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். இதே மாதிரி போனா எழுந்து உக்காந்துருவாங்கன்னார்."

தலைமாட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே வாங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன்.

2:17. விரல் கீழே போய் நாலு நொடி அப்படியே இருந்தது.

2:31. ஐந்து நொடி.

2:46. கீழே போய், பக்கவாட்டில் நகர்ந்தது.

எழுத்துகள் கண்ணில் ஆடின. கடைசி வரிக்குப் போனேன்.

4:51. நிறுத்தாமல் தட்டுகிறார். மூச்சு வாங்குகிறது. ஏதோ சொல்ல வருகிறார்.

"அன்னிக்கு எனக்கு ஒரே சந்தோஷம்கா," என்றாள் மகள். "அம்மா பேசிடுவாங்கன்னு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நாலு அம்பத்திரண்டுக்கு அப்படியே நின்னுபோச்சு. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அசையல. என்ன ஆச்சுன்னு டாக்டருக்கே தெரியல."

நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தேன். அக்கா எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்டேன்.

"பழைய பிரதியைத் திரும்பப் போட்டுடவா? பத்து நிமிஷ வேலை."

அக்கா பதில் சொல்ல நான்கு நிறுத்தம் ஆனது.

"எனக்கு இந்த வேலை வேணும்டி."

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. நான் போடவில்லை. மகள் மாதம் ஒருமுறை அக்காவுக்கு போன் செய்கிறாள். டாக்டர் இனிமேல் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டாராம். ஆனாலும் அவள் தினமும் நோட்டில் தேதியைப் போட்டுவிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளாம்.