மாமா பஸ்ஸுக்கு டிரைவர் சீட் எடுத்த நாள்

எங்கள் மாமா பஸ் வாங்கினார். புதுசு இல்லை. ஏதோ ஒரு கம்பெனிக்கு வருடக்கணக்கில் ஆட்களை ஏற்றி இறக்கிக் களைத்துப்போய், இனி ஆகாது என்று ஏலத்துக்கு வந்த பஸ். சேலையூரில் தாத்தா உழுத நிலமெல்லாம் மனை மனையாக விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. கையில் காசு பார்த்தவர்கள் மாடி எடுத்துக் கட்டினார்கள். மாமாவுக்கு மட்டும் பஸ் மேல் புத்தி போயிற்று. பாதி சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கம் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பாத்திரம் அடுக்கத் தட்டும் வைத்து, முன்பக்கம் ஆட்கள் கால் நீட்டி உட்கார இடம் செய்து, அதைக் கோயில் யாத்திரை பஸ்ஸாக மாற்றிவிடுவது அவர் திட்டம். சமையலுக்கு அவருடைய தங்கையான என் அம்மா. ஓட்டுவதற்கு என் அப்பா. முதலாளி அவர். எனக்கு யாரும் எந்த வேலையும் சொல்லவில்லை. ஆனாலும் பஸ்ஸின் நெற்றியில் எழுதப்போகும் ஊர்ப் பெயர்களில் பிழை பார்ப்பது நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் வீட்டில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்பு.

அப்பா அதுவரை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். லாரிக்காரரோடு வாய்த்தகராறு, அதனால் வேலையை விட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். உண்மைக் காரணம் அவர் முதுகு. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, இடது பக்கம், கிளட்சை மிதித்து மிதித்து ஒரு இடம் பிடித்துக்கொண்டது. சாயங்காலத்தில் கதவைச் சாத்திவிட்டு அம்மா அந்த இடத்தில் தைலம் தேய்ப்பாள். அப்பா முனகுவார். "கத்தாதீங்க, பக்கத்து வூட்டுக்குக் கேக்கப்போவுது" என்பாள் அம்மா. ஜுரம் வந்தால் தெருவுக்கே சொல்கிறோம், முதுகு வலித்தால் மட்டும் ஏன் கதவைச் சாத்துகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததில்லை.

மாமா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "தூரம் ஜாஸ்தி மாப்ளே. ராமேஸ்வரம், திருச்செந்தூர்னு நாலு நாள் அஞ்சு நாள் விடாம ஓட்டணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. குன்றத்தூர்ல ஒரு பையன் கீறான், சின்ன வயசு."

"இன்னா மச்சான் இப்படிக் கேட்டுட்ட? பஸ்ஸு நின்னுபோச்சுன்னா தோள்ல தூக்கிகினு போவேன்" என்றார் அப்பா. அடுப்பங்கரையில் அம்மா ஏதோ பாத்திரத்தை டொங்கென்று வைத்தாள். லாரி வேலையும் போய், இந்த வேலையும் குன்றத்தூர்ப் பையனுக்குப் போய்விட்டால் எங்களுக்கு வேறு வழி கிடையாது. அது எனக்கே தெரியும்.

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு ஷெட்டில் பஸ் நின்றது. தகரம் அடிக்கும் சத்தத்துக்கு நடுவே மேஸ்திரி பழைய டிரைவர் சீட்டைக் காட்டினார். இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, கொஞ்சம் தேங்காய் நார், கிழிந்த ரெக்சின். முதுகுக்கு இடுப்பு உயரத்தில் ஒரு தடுப்பு, அவ்வளவுதான். மேலே புது ரெக்சின் போட்டால் போதும் என்றார் மேஸ்திரி. "போதும் போதும். நமக்கு இன்னா சோபாவா வேணும்?" என்று அப்பா முந்திக்கொண்டார். சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த அம்மா, அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லவேளை, மாமாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. பஸ்ஸு கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கறப்போ இது மட்டும் பாடாவதியா கீதே என்று சொல்லி, சனிக்கிழமை புதுப்பேட்டைக்குப் போய் வேறு எடுத்துவிடலாம் என்றார். ஜன்னலுக்குத் திரைத்துணி எடுக்க வேண்டும் என்று அம்மாவும் கிளம்பினாள். அம்மா கிளம்பினால் நானும் கிளம்பியாயிற்று.

தாம்பரத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, வழியில் திரைத்துணியை எடுத்துக்கொண்டு நடந்தோம். புதுப்பேட்டையில் வண்டிகளின் கை கால்களெல்லாம் தனித்தனியாகக் கிடந்தன. ஒரு கடையில் கதவுகள் மட்டும், இன்னொன்றில் கண்ணாடிகள் மட்டும். நாங்கள் போன பாய் கடையில் சீட்டுகள் மட்டும். கார் சீட், ஜீப் சீட், லாரி சீட் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரை வரை ஏறியிருந்தன.

மாமா கண்ணில் முதலில் பட்டது ஒரு சிவப்பு சீட். வெல்வெட். எந்தப் பெரிய மனிதரின் காரில் இருந்ததோ. மாமா அதில் உட்கார்ந்து கை இரண்டையும் விரித்துக்கொண்டு, "இது எப்டி கீது?" என்றார். ராஜா மாதிரிதான் இருந்தது. எனக்கு அதைவிட்டுக் கண் எடுக்க முடியவில்லை. பிறகு அப்பா உட்கார்ந்தார். உள்ளே புதைந்து, முட்டி இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. "நல்லாத்தான் கீது மச்சான்" என்றார்.

பாய் விடவில்லை. "பஸ்ஸுக்குன்னா இத்தப் பாரு நைனா" என்று மூலையிலிருந்து ஒன்றை இழுத்துப்போட்டார். கன்னங்கரேல் என்று, அங்கங்கே வெடித்து, எண்ணெய் நாற்றத்தோடு இருந்தது. துறைமுகத்தில் ஏதோ பெரிய வண்டியிலிருந்து கழற்றியதாம். முதுகுப் பலகை தோள்வரை உயரம். அடியில் தொடை தடிமனுக்கு ஒரு ஸ்பிரிங், பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைத் திருகினால் உட்காருகிற ஆளின் எடைக்கு ஏற்ற மாதிரி ஸ்பிரிங் இறுகும், தளரும் என்று பாய் திருகிக் காட்டினார்.

அப்பா வேண்டா வெறுப்பாகத்தான் அதில் உட்கார்ந்தார். ஸ்பிரிங் ஒரு தரம் இறங்கி ஏறி நின்றது. அப்பாவின் இடது கால், இல்லாத கிளட்சைத் தேடி முன்னே நீண்டது. அழுத்தியது. மறுபடி அழுத்தியது. அப்பாவின் புருவங்களுக்கு நடுவே எப்போதும் ஒரு கோடு இருக்கும். அது அவருடைய முகத்தோடு பிறந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தக் கோடு அப்போது காணாமல் போயிற்று. கண்ணைக்கூட மூடிவிட்டார்.

அடுத்த நொடி சட்டென்று எழுந்தார். "வேணாம் மச்சான். இதுல குந்துனா தூக்கம் வந்துடும். சிவப்பே எடு" என்றார்.

"தூங்கி வழியற டிரைவரை வச்சிகினு நான் எங்க திருச்செந்தூர் போறது, நேரா சமுத்திரத்துக்குத்தான் போவணும்" என்று சிரித்த மாமா, பாயிடம் சிவப்புக்கு விலை கேட்க ஆரம்பித்தார்.

அம்மா கடை வாசலில் துணிக்கட்டோடு நின்றிருந்தாள். அவள் வாய் திறந்து கேட்டிருக்கலாமே என்று இப்போது தோன்றலாம். கேட்க முடியாது. கறுப்பு சீட் வேண்டும் என்றால் ஏன் என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் முதுகு வெளியே வரும். அதோடு, எங்கள் ஜனத்தில் வீட்டு மாப்பிள்ளை தன் சௌகரியத்துக்கு மச்சானிடம் எதையும் கேட்கமாட்டார். அவருக்காகப் பெண்டாட்டி போய் அண்ணனிடம் கேட்டால் அது அதைவிடக் கேவலம். தாய்மாமனிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கிற உரிமை ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு. அவருடைய மடியில் உட்கார்ந்து மொட்டை அடித்துக் காது குத்திக்கொண்ட மருமகனுக்கு. அவன் கேட்டு மாமன் இல்லை என்று சொன்னதாகப் பேச்சே கிடையாது.

அந்த மருமகன் சிவப்பு வெல்வெட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

திடீரென்று என் வலது கையின் உள்பக்கம், அக்குளுக்குக் கீழே, சதை திருகிக்கொண்டு போயிற்று. அம்மா கிள்ளினாள். சும்மா கிள்ளல் இல்லை, உயிர் போகிற கிள்ளல். நான் கடை அதிர ஓவென்று கத்தினேன்.

"இன்னாடா? இன்னா ஆச்சு?" என்று மாமா ஓடி வந்தார்.

"ஒண்ணுமில்லண்ணா. அந்தக் கறுப்பு சீட்டுதான் வேணுமாம். வந்ததுலேர்ந்து அதையே கேட்டுகினு கீறான்" என்றாள் அம்மா.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. அப்படி ஒரு அநியாயமான பொய்யை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஒருமுறையாவது உண்மையே பேச வேண்டும் என்று எங்களைக் கோரஸாகச் சொல்ல வைப்பார்கள். "நான் கேக்கவே இல்ல மாமா, எனக்குச் சிவப்பு..." என்று ஆரம்பித்தேன். இரண்டாவது கிள்ளல் முதல் கிள்ளலின் மேலேயே விழுந்தது. அதற்கப்புறம் அழுகை மட்டும்தான்.

"புள்ள ஆசைப்படுது சார்" என்றார் பாய்.

"அதுக்கு இன்னா தெரியும்? வாய மூடுடா!" என்று அப்பா என்மேல் பாய்ந்தார். "நீ சிவப்பே எடு மச்சான்."

மாமா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா துணிக்கட்டைப் பிரித்துத் திரைத்துணிகளை எண்ணத் தொடங்கினாள். அப்புறம் மாமா அந்தக் கறுப்பு சீட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"கறுப்பையே கட்டு பாய்" என்றார். "மருமவன் கேட்டுட்டான். அப்பறம் நான் இன்னாத்துக்கு மாமன்னு கீறேன்?"

எழும்பூரில் அதை ரயிலின் சரக்குப் பெட்டியில் ஏற்றினோம். கூடைக்காரர்களுக்கு நடுவே அந்தச் சீட் தனியாக நின்றது. "குந்து மாப்ளே, எடம் வீணாத்தான் போவுது" என்றார் மாமா. அப்பா மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிண்டி வரைக்கும் நின்றார். மவுண்ட் தாண்டியதும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார். மீன்கூடை அம்மா ஒருவர் விடவில்லை. "டிரைவர் அண்ணா, பல்லாவரத்துல கொஞ்சம் நிறுத்துங்க, எறங்கணும்" என்றார். பெட்டியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். என் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைக்கப் பார்த்தாள். நான் போகவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக நின்றேன். அவளோடு மூன்று நாள் பேசவும் இல்லை.

பஸ் தயாரானது. முதல் யாத்திரைக்கு விடியற்காலையில் சேலையூரிலிருந்து புறப்பட்டோம். ஏறுகிற ஒவ்வொருவரிடமும் மாமா டிரைவர் சீட்டைக் காட்டி, "இது என் மருமவன் எடுத்தது. அழுது வாங்கினான்" என்று பெருமையடித்தார். ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு கூசியது. செய்யாத காரியத்துக்குப் பெயர் வாங்குவதும் பொய்தானே.

திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டி நின்றபோது, இன்று சொல்லிவிடுவது என்று மாமாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"மாமா, அந்தச் சீட்ட நான் கேக்கவே இல்ல. எனக்குச் சிவப்புதான் புடிச்சுது. அம்மா கிள்ளுனாங்க, அதான் அழுதேன்" என்றேன்.

மாமா என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அப்பா டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கி, எதையும் பிடிக்காமல், நேராக டீக்கடையை நோக்கி நடந்துபோனார். அடுப்பைப் பற்றவைக்க வந்த அம்மா, தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நடப்பதையே பார்த்தாள்.

"நீதாண்டா கேட்ட" என்றார் மாமா.

"இல்ல மாமா..."

"கேட்ட. என் காதால கேட்டேன். இனிமே யார் கேட்டாலும் அப்டியே சொல்லு. முக்கியமா உங்கப்பன் கேட்டா." சொல்லிவிட்டு எனக்கு ஒரு பொறை வாங்கிக் கொடுத்து, டீ குடிக்க அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு மாமாவை நினைத்துப் பாவமாக இருந்தது. இத்தனை பெரிய பஸ்ஸுக்கு முதலாளி, போன மாதம் நடந்ததுகூட ஞாபகம் இல்லை. வயதானால் மறதி வரும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். இனி அவரைத் திருத்தி மனம் நோகடிக்கக் கூடாது என்று பொறையைக் கடித்தபடி முடிவு செய்தேன். அப்போது மாமாவுக்கு முப்பத்தெட்டு வயது.