தோளுக்கு மேல் போகாத கை

அடுப்பைப் பற்றவைத்த கையோடு, மாசிலாமணி ஒரு பழைய தோசைக்கல்லில் துணிக் கிழியை வைத்துத் திருப்புகிறார். உள்ளே நொச்சி, ஆமணக்கு, எருக்கு இலைகளை நறுக்கி நல்லெண்ணெயில் வதக்கிக் கட்டியிருக்கிறது. வலது புறங்கையில் சூடு பார்த்துவிட்டு, தைலம் பூசிய வலது தோளில் ஒற்றி எடுக்கிறார். முதலில் ஹோட்டலின் பரோட்டாக் கல்லில்தான் வைத்தார். "இன்னா மாஸ்டர், சால்னால தைலம் ஊத்திட்டியா?" என்று ஒரு லாரி டிரைவர் கேட்டதும், முதலாளி சுப்பராயலு இந்தத் தனிக் கல்லைக் கொடுத்துக் கொல்லைப்பக்கம் அனுப்பிவிட்டார்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாசிலாமணி பரோட்டா வீசினால், டீ குடிப்பவர்கள் கிளாஸை வாயருகே நிறுத்திக்கொள்வார்கள். மாவு தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றித் துப்பட்டா போல விரியும். அந்தச் சுற்றுக்கு அவசியமே இல்லை. "அது நம்ம ஸ்டைலுங்க" என்பார்.

வளவனூர் சாலையில் வண்டி சறுக்கித் தோள்மூட்டு நழுவியது. ஆஸ்பத்திரியில் மூட்டை ஏற்றிக் கட்டுப் போட்டார்கள். கட்டு அவிழ்த்த பிறகும் தலை சீவக் கை எழவில்லை. விழுப்புரத்து ஆயுர்வேத டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுத் தைலமும் கிழியும் சொன்னார். "வலி கொறையும். ஆனா நான் சொல்ற வரைக்கும் கை தோளுக்கு மேல போவக் கூடாது. மறுபடி நழுவினா ஆபரேஷன்தான்."

வலி போய்விட்டது. அதுதான் தொல்லை. கல்லில் இப்போது நிற்பவன் சகாயராஜ், தற்காலிக மாஸ்டர். அவன் வீசும்போதெல்லாம், வெங்காயம் நறுக்கும் மாசிலாமணியின் முழங்கை தானாக எழும்பும். அங்கேயே பாத்திரம் தேய்க்கும் மனைவி காந்திமதி, "இந்தாய்யா, வெங்காயத்த வீசப் போறியா?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி சொல்லிவிட்டார்: "ரெண்டு மாஸ்டர் வச்சிக்கினு எனக்குக் கட்டுப்படியாவாது. வீசிக் காட்டு. முடிஞ்சா நீ, முடியலன்னா அவன்."

மாசிலாமணி உருண்டையைத் தட்டி, எண்ணெய் தொட்டு, விளிம்பைப் பிடித்தார். கை மார்புவரை வந்தது. தோள்வரை வந்தது. வலியே இல்லை. காந்திமதி தேய்ப்பதை நிறுத்தினாள்.

அங்கிருந்து கையை இறக்கினார். மாவை மேசையிலேயே பரப்பி, விரல் நுனியால் ஓரங்களை இழுத்தார். அடியில் மேசையின் கீறல்கள் தெரிந்தன. மடித்துச் சுருட்டி, தட்டிக் கல்லில் போட்டு எடுத்தார்.

"வீசவே இல்லியே?" என்றார் முதலாளி.

"வீசறது வேடிக்கைக்குங்க. துன்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

சுப்பராயலு பிய்த்தார், ஏடு ஏடாகப் பிரிந்தது. நின்றபடியே தின்று முடித்து, இன்னொன்றுக்குக் காலித் தட்டை நீட்டினார். மாசிலாமணி நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த உருண்டையை எடுத்து மேசையில் தட்டினார்.