ஆர்லிஸ் தூக்கிய கை

எர்வின் கோஸ்டல் வாயைத் திறந்தால் முதலில் விழுகிற சொல் ஜாக்கிரதை. கன்று வாங்கப் போகிறவனுக்கும் ஜாக்கிரதை, கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கும் ஜாக்கிரதை. தெற்கு டகோட்டாவின் அந்த மூலையில் அவருக்கு ஜாக்கிரதை கோஸ்டல் என்றே பெயர். அது கேலிப்பெயர் என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தார்.

மாடு, சோளம், மின் கூட்டுறவுச் சங்கம் ஆகிய மூன்றும்தான் அவருடைய உலகம். அவர் அப்பா காலத்தில் பெரிய கம்பெனிகள், இத்தனை தூரம் கம்பி இழுத்து நாலு மாட்டுக்காரனுக்கு விளக்குப் போட்டால் கட்டுப்படியாகாது என்று கையை விரித்துவிட்டன. பண்ணைக்காரர்கள் தாங்களே ஒன்று சேர்ந்து பங்கு போட்டு, குழி தோண்டி, கம்பம் நட்டுக் கரண்ட் கொண்டுவந்தார்கள். முதலில் நட்ட கம்பங்களில் ஒன்று கோஸ்டல் வீட்டு முற்றத்தில் நின்றது. அதைச் சொல்லாமல் எர்வின் ஒரு கூட்டத்தையும் முடித்ததில்லை. சங்கத்தின் இயக்குநர் குழுவில் அவர் உட்கார்ந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து ஊரார் பார்த்து வெகு காலமாகிவிட்டது.

சங்கம் கரண்ட் விற்பதோடு நின்றுவிடுவதில்லை. பில்லில் வரும் சில்லறையை முழு டாலராக்கி வாங்கி, அந்தச் சில்லறையைச் சேர்த்துப் பள்ளி மைதானத்துக்கு விளக்குப் போடும், தீயணைப்பு வண்டிக்குக் குழாய் வாங்கும். வருஷா வருஷம் பள்ளிப் பிள்ளைகள் இருவரைத் தலைநகரம் பார்த்துவர அனுப்பும். ஒருவரை லைன்மேன் படிப்புக்குச் செலவு கொடுத்து அனுப்பும். அந்தப் படிப்புக்குத்தான் டெஸா வாவ்ரா மனுப் போட்டாள். பால் லாரி ஓட்டுகிறவரின் மகள், ஒல்லியான பெண். நேர்காணலில் மற்ற இயக்குநர்கள் குசலம் விசாரித்துவிட்டு விட்டுவிட, எர்வின் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இங்க பாரு பொண்ணே. லைன் வேலையில ஒருத்தர் அசந்தா இன்னொருத்தர் போய்ச் சேர்ந்துடுவாங்க. ஒரு சுவிட்ச்சை மறந்தா ஒரு வீட்டுல சாவு. உன்னால எப்பவும் நினைப்பா இருக்க முடியுமா?"

"முடியும், மிஸ்டர் கோஸ்டல்."

"எல்லாரும் முடியும்னுதான் சொல்வாங்க."

"அப்ப நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டாள் டெஸா. மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எல்லோரும் கை தூக்கிய பிறகு எர்வினும் வேண்டாவெறுப்பாகத் தூக்கினார். ஆனால் அவள் படித்து முடித்து, இடுப்பில் பெல்ட்டும் காலில் கொக்கியுமாகக் கம்பத்தில் ஏற ஆரம்பித்ததும், "நான் பொறுக்கி எடுத்த பொண்ணு" என்று காபிக்கடையில் முதலில் சொன்னவரும் அவர்தான். மனுஷன் அப்படி.

அந்தக் குளிர்காலத்தில் மழை விழுந்தபடியே உறைந்தது. கம்பிகளில் பனிக்கட்டி கைத் தடிமனுக்கு ஏறி, கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. மாவட்டம் முழுக்க இருட்டு. மறுநாள் காலையில் எர்வினின் மாட்டுத் தொட்டிகளில் தண்ணீர் இறுகிக்கொண்டிருந்தது, வீட்டுக்குள் மூச்சு விட்டால் புகை வந்தது. எர்வின் கொட்டகைக்குப் போய் ஜெனரேட்டரை இழுத்து வெளியே வைத்து, வெல்டிங் மிஷினுக்கான பிளக்கில் கம்பியைச் செருகிக் கிளப்பினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜெனரேட்டர் ஓட்டுகிறவர் முதலில் மெயின் சுவிட்ச்சை இறக்க வேண்டும். இறக்காவிட்டால் வீட்டுக் கரண்ட் பின்னோக்கி ஓடிக் கம்பத்து டிரான்ஸ்ஃபார்மருக்குள் நுழைந்து, பல மடங்கு பெருகி, செத்துக் கிடக்கிறது என்று லைன்மேன் நம்பித் தொடுகிற கம்பியில் போய் நிற்கும். மறந்தாலும் ஆபத்து வராதபடி ஒரு மாற்று சுவிட்ச் பெட்டி உண்டு. அதைப் பாதி விலைக்கு உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று குழுவில் மேசையைத் தட்டிப் பேசி ஜெயித்தவர் எர்வின்தான். அவர் வாங்கிய பெட்டி கொட்டகை அலமாரியில், அட்டை பிரிக்காமல், தீவனச் சாக்குக்கு அடியில் கிடந்தது. மெயின் சுவிட்ச்சையும் அன்று அவர் இறக்கவில்லை. குளிரில் விரல் மரத்திருந்தது, மாடு கத்திக்கொண்டிருந்தது, மறந்துவிட்டார்.

வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. எர்வின் திருப்தியாகக் காபி குடித்தார். ஒரு மைலுக்கு அப்பால் டெஸா ஒரு கம்பத்தின் உச்சியில் இருந்தாள்.

சங்கத்து வண்டி முற்றத்துக்குள் வேகமாகத் திரும்பி நின்றது. லைன்மேன்களின் மேஸ்திரி டுவெய்ன் கதவைச் சாத்தக்கூட நிற்காமல் ஓடி ஜெனரேட்டரை நிறுத்தினார். பின்னாலேயே டெஸா வந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன டுவெய்ன், என்னாச்சு?" என்றபடி எர்வின் கொட்டகைப் பக்கம் வந்தார்.

"இந்தப் பொண்ணு தொடறதுக்கு முன்னாடி டெஸ்டரை வெச்சுப் பார்த்துச்சு. டெஸ்டர் கத்துச்சு. செத்த லைன்ல உசுரு எங்கிருந்து வந்துச்சுன்னு ஜெனரேட்டர் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வர்றோம்." டுவெய்ன் அவர் முன்னால் வந்து நின்றார். "மெயினை இறக்கினீங்களா, இல்லையா?"

மூவரும் திறந்திருந்த கொட்டகையின் சுவரைப் பார்த்தார்கள். மெயின் சுவிட்ச்சின் கைப்பிடி மேலேதான் நின்றது.

ஐயோ, மறந்துட்டேன் என்று சொல்லத்தான் எர்வின் வாயைத் திறந்தார். இருபது வருஷத்து ஜாக்கிரதையும் அந்த நேரத்தில் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நான் இறக்கிட்டேனே," என்றார். "ஆர்லிஸ் வந்து தூக்கி விட்டிருப்பா. அவளுக்கு இதெல்லாம் எங்க தெரியுது."

ஆர்லிஸ் அவர் மனைவி. சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு, கையில் பாத்திரத் துணியோடு, வீட்டுச் செருப்போடு வாசற்படியில் நின்றிருந்தாள். சொன்னது அவள் காதில் விழுந்தது. டுவெய்ன் அவள் பக்கம் திரும்பினார்.

"ஆர்லிஸ், நீங்களா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். எர்வின் ஜெனரேட்டரைப் பார்த்தார்.

"இருக்கும்," என்றாள் ஆர்லிஸ்.

டெஸா கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே விடியற்காலையில் புதிதாக விழுந்து கிடந்த பனியைப் பார்த்தாள். அதில் போகவும் வரவும் பதிந்திருந்தது ஒரே பூட்ஸ் தடம், எர்வினின் அகலமான பூட்ஸ். வேறு தடமே இல்லை. அவள் பார்ப்பதை எர்வின் பார்த்தார். அவள் மெயினை இறக்கி, 'தொடாதே' என்கிற சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். வேலை நிறைய இருந்தது.

அன்று எர்வின் அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருக்கலாம். செய்தது தன் மனைவி என்று சொல்லிவிட்ட பிறகு தான் எதற்கு வருந்துவது? பொய் சொன்னவனுக்கு அந்தச் சின்ன மரியாதைகூட மிஞ்சவில்லை.

ஊருக்குச் சேதி போக அதிக நேரம் பிடிக்கவில்லை. மாதா கோயில் சமையலறையில், "ஆர்லிஸ், காபி மிஷின் பிளக்கை மட்டும் தொடாதே தாயீ, பாதிரியார் பாவம்," என்றார்கள். மளிகைக்கடையில் பல்பு வாங்கினால், "எர்வின் கூட வரலையா? தனியா மாட்டிடாதீங்க," என்றார்கள். ஆர்லிஸ் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். அவள் பிசையும் மாவுக்கு ஈடில்லை என்று அந்தப் பக்கமே ஒப்புக்கொண்ட பெண். பண்ணையின் வரவு செலவு, கன்று ஈனுகிற மாட்டோடு ராக்கண் விழிப்பது, எல்லாம் அவள் பொறுப்பு. அப்படிப்பட்டவளை ஊரே சுவிட்ச் தெரியாத பேதையாக்கிவிட்டது. கோயில் காபி வேளையில் பக்கத்து நாற்காலியில் எர்வின் உலர்பிளம் வைத்த கோலாச்சி ரொட்டியைத் தின்றுகொண்டு தட்டையே பார்த்திருந்தார். வெட்கமாக இருந்தது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தால் தேவலை. பனி உருகியதும் எர்வின் அலமாரியிலிருந்த பெட்டியைப் பிரித்து மாட்டினார். புதிதாக ஒரு மாவு பிசையும் மிஷின் வாங்கிவந்தார்.

"பழசுக்கு என்ன கேடு?" என்றாள் ஆர்லிஸ்.

"சும்மாதான். நல்லா இருக்கும்னு."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். மிஷின் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

கோடையில் சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டம் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. பன்றிக்கறி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், எலுமிச்சைச் சாறு. எர்வின் மறுபடியும் தேர்தலில் நின்றார். தலைநகரம் போகிற பிள்ளைகளுக்கும் அடுத்த லைன்மேன் மாணவனுக்கும் அவர் கையால் சான்றிதழ் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் டெஸா மேடையில் ஒரு மேசை போட்டு, அதன்மேல் குட்டிக் கம்பங்கள், குட்டி வீடுகள் கொண்ட ஒரு பொம்மை ஊரைப் பரப்பியிருந்தாள். முன்வரிசையில் தரையில் குழந்தைகள். கரண்ட் பாய்ந்த குட்டிக் கம்பியில் விரல் அளவு சாசேஜ் இறைச்சி ஒன்றை வைத்தாள். அது பட்டென்று வெடித்துப் புகைந்தது. குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இது என் விரலா இருந்திருக்கும்," என்றாள் டெஸா. "போன குளிர்ல ஒரு வீட்டுல ஜெனரேட்டரைப் போட்டுட்டு மெயினை இறக்கலை. நான் மேல இருந்தேன்."

"யார் வீடு?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள்.

"யார் வீடா இருந்தா என்ன. எல்லார் வீட்டுக்கும்தான் சொல்றேன்."

பின்வரிசையிலிருந்து யாரோ சிரித்தபடி குரல் கொடுத்தார்கள். "ஆர்லிஸ், கையைத் தூக்கும்மா."

கூடம் முழுக்கச் சிரித்தது. ஆர்லிஸ் கையைத் தூக்கினாள். பழகிவிட்டது அவளுக்கு. முகத்தில் அந்தச் சிரிப்பும் தயாராக இருந்தது.

சின்னப் பெண் எழுந்து, திரும்பி, அவளையே பார்த்தாள். பார்வையில் கேலி இல்லை. தெரிந்துகொள்கிற ஆசைதான்.

"ஏன் அப்படிப் பண்ணீங்க?"

ஆர்லிஸின் சிரிப்பு நின்றது. கை இறங்கவில்லை. அந்தக் கேள்வியை அதுவரை ஊரில் ஒருத்தரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

"எனக்குத் தெரியலையே கண்ணு," என்றாள்.

எர்வின் எழுந்து நின்றார். மடியிலிருந்த தட்டு கீழே விழுந்து பன் உருண்டது. சங்க மேலாளர் ஒலிபெருக்கியில், "இதோ நம்ம எர்வினே ரெண்டு வார்த்தை ஜாக்கிரதை சொல்லப் போறார்," என்றார்.

"அவ பண்ணலை," என்றார் எர்வின். "அவ கொட்டகைப் பக்கமே வரலை. மெயினை இறக்க மறந்தது நான். கேட்டப்போ அவ மேல போட்டேன். இத்தனை மாசமா நீங்க சிரிச்சீங்க, நான் உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தேன்." பிறகு மேடையைப் பார்த்தார். "பொண்ணே, உன்னை நான் கொன்னிருப்பேன். அதுக்கப்புறம் பொய்யும் சொன்னேன். அசிங்கமா இருக்கு எனக்கு."

சுவரோரம் நின்றிருந்த டுவெய்ன் தொப்பியைக் கழற்றினார். சிரித்தவர்கள் காகிதத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

"தெரியும், மிஸ்டர் கோஸ்டல்," என்றாள் டெஸா. "தடம் ஒன்னுதானே இருந்துச்சு. நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

அவள் திட்டியிருந்தால் நிமிர்ந்து நின்றிருப்பார். காத்திருந்தேன் என்று அவள் சொன்னதும் தலை தானாகக் குனிந்தது. தன்னிடமிருந்த சான்றிதழ்களை எடுத்து மேடை விளிம்பில் வைத்துவிட்டு, "இதை டெஸா குடுக்கட்டும்," என்று சொல்லி வந்து உட்கார்ந்தார். ஆர்லிஸ் எப்போதோ கையை இறக்கி மடியில் வைத்திருந்தாள்.

தேர்தலில் அவரே ஜெயித்தார். எதிர்த்து நிற்க ஆளில்லை, வாக்குச் சீட்டும் அச்சடித்தாகிவிட்டது. ஒன்றிரண்டு பேர் வந்து கையைக் குலுக்கி, "சொன்னியே, பெரிய மனசு," என்றார்கள். எர்வினுக்கு அது செருப்படியாக இருந்தது. தோற்றிருந்தால் கொஞ்சம் மூச்சாவது விட்டிருப்பார்.

வீடு திரும்பும்போது வழியெல்லாம் இருபுறமும் சோளம் நின்றது. எர்வின் வண்டியை ஓட்டினார். பாரம் இறங்கியதாக நினைத்துக்கொண்டு, ஆர்லிஸ் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குத் திரும்புகிற மண்பாதை வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"டுவெய்னுக்குச் சொன்னே. டெஸாவுக்குச் சொன்னே. பன் தின்ன வந்தவங்களுக்கெல்லாம் சொன்னே."

"ஆமா."

"எனக்கு எப்ப சொல்லப் போறே, எர்வின்?"

அப்பா நட்ட கம்பம் தூரத்தில் தெரிந்தது. எர்வின் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்கிற விஷயமில்லை அது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.