ராகு காலத்தில் ஒரு ஈரோ

என் கை ராசியான கை என்ற கதையை முதலில் யார் கிளப்பிவிட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பலேர்மோவில் இருந்த எங்கள் சனத்தில் பாதிப்பேர் அதை நம்பினார்கள். மற்றப் பாதி எனக்குக் கைமாற்றுத் தந்தவர்கள். அவர்களுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது.

சித்திரை வருடப்பிறப்பன்று, பஞ்சாங்கம் சொல்கிற நல்ல நேரத்தில், ஆண்டின் முதல் காசை ராசியான ஒருவரின் கையிலிருந்து வாங்கினால் வருடம் முழுக்கக் கை வறளாது என்பது எங்கள் நம்பிக்கை. அதற்குப் பெயர் கைவிசேடம். பலேர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக்கு அன்று காலையில் ஆட்கள் மூச்சுவாங்கப் படியேறி வருவார்கள். நான் வேட்டியைக் கட்டி, பெரிய மனிதன் முகம் ஒன்றையும் மாட்டிக்கொண்டு, வெற்றிலையில் ஒரு தாளும் ஒரு நாணயமும் வைத்துக் கொடுப்பேன். ஒருமுறை வாங்கிப் போனவருக்கு அந்த மாதமே பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி, கிடைத்துவிட்டது. அவர் அதற்காகப் பல வருடம் அலைந்தவர் என்பதையும், கெட்டிக்கார வழக்கறிஞர் ஒருவரை வைத்திருந்தார் என்பதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. புகழ் எனக்கு வந்தது. நானும் மறுக்கவில்லை.

"உங்கடை கையாலை போற காசுக்குத்தான் ராசி," என்பாள் மனைவி. "வாற காசுக்கு அந்த ராசியைக் காணேல்லை."

இந்த விஷயத்தில் என்னை முழுதாக நம்பிய ஒரே ஆள் என் தங்கச்சி. பலேர்மோவில் பல வருடம் வீடுகள் துடைத்தவள், இத்தாலியக் கடவுச்சீட்டுக் கிடைத்த கையோடு புருஷனையும் கூட்டிக்கொண்டு மால்ட்டாவுக்குப் போய்விட்டாள். எங்களுக்குத் தெற்கே, கடலுக்குள் கிடக்கிற பக்கத்து நாடு. அங்கே ஹோட்டல் ஒன்றில் விரிப்புகள் துவைத்துக்கொண்டே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டாள். சில மாதத்தில் மூடினாள். அந்தக் கடைக்கு முதல் காசு போட்டது அவளுடைய புருஷனின் கை. கடை இருந்த சந்துக்குள் வெயிலே வழி கேட்டுத்தான் வரவேண்டும் என்பது என் கருத்து. அவள் கருத்து, புருஷனின் கை. அவர் நல்ல மனிசன், அதையும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

இரண்டாவது கடையை பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் பிடித்தாள். ரோல்ஸ், பற்றிஸ், இடியப்பம், மத்தியானத்தில் சோறும் கறியும். இந்த முறை ஹோட்டல் வேலையையும் விட்டுவிட்டாள். சேமித்ததெல்லாம் எண்ணெய்ச் சட்டிக்கும் குளிர்ப்பெட்டிக்கும் முற்பணத்துக்கும் போய்விட்டது. இதுவும் படுத்தால் திரும்பவும் யாருடைய விரிப்பையாவது துவைக்க வேண்டியதுதான். அதனால் எதையும் தற்செயலுக்கு விட அவள் தயாராக இல்லை. திறப்பு வருடப்பிறப்பன்று. நல்ல நேரத்தில் என் கையால் கைவிசேடம் வந்து சேர்ந்த பிறகுதான் ஷட்டரைத் தூக்குவேன் என்று சொல்லிவிட்டாள்.

நான் போயிருக்கலாம். ஆனால் வியா மக்வேதா என்கிற தெருவில் ஒரு முதிய சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மா ஒருவரை, பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு மாற்றாக வருகிற ருமேனியப் பெண் அந்த வாரம் பார்த்து ஊருக்குப் போயிருந்தாள். சிஞ்ஞோராவின் மகன் மிலானில். சிஞ்ஞோராவைத் தனியே விட்டுவிட்டு இந்தத் தீவின் மறுமுனைக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து கப்பல் ஏறுகிற கதை நடக்காது.

"அப்ப போனிலை அனுப்புங்கோ," என்றாள் தங்கச்சி.

போனுக்குள் ஒரு பணப்பை வந்திருந்த காலம் அது. சிகரெட்டும் முத்திரையும் விற்கிற தபாக்கேரியாவில் காசைக் கொடுத்தால் அந்தப் பைக்குள் ஏற்றிவிடுவார்கள். இரண்டு பேரிடமும் ஒரே பை இருந்தால், கடல் கடந்த ஊருக்கும் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். இதற்கு முன் மால்ட்டாவுக்குச் சின்னக் காசு அனுப்புவதென்றால் போகிற வருகிற ஆட்களின் சட்டைப்பைதான். இல்லையென்றால் ஏஜென்சி. அங்கே அனுப்புகிற காசைவிட அனுப்புகிற கூலி கனக்கும். வங்கியில் போட்டால் அது சனி, ஞாயிறு நித்திரை கொண்டு திங்கட்கிழமைதான் எழும்பும். அந்த வருடம் வருடப்பிறப்பு ஒரு சனிக்கிழமை.

"கைவிசேடம் எண்டால் கையிலையிருந்து கைக்குப் போகவேணும், பிள்ளை."

"போனை எதாலை பிடிச்சிருக்கிறியள்? காலாலையோ?"

பையைத் திறந்தேன். திறப்பதற்கு அது என் முகத்தைப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்தால், சிரிக்க வேண்டாம் என்றது. சிரிக்கவில்லை, இதுதான் என் முகம் என்று அதற்கு எப்படி விளங்கப்படுத்துவது? கடைசியில் மின்சார பில்லை எதிரே வைத்துக்கொண்டு எடுத்தேன். ஏற்றுக்கொண்டது.

தங்கச்சிக்கு இன்னொரு கவலை. கைவிசேடக் காசைச் செலவழிக்கக் கூடாது, பெட்டிக்குள் வைக்க வேண்டும். போன் பைக்குள் எல்லாக் காசும் ஒன்றாகக் கலந்துவிடும். எந்த ஈரோ அண்ணையின் ஈரோ என்று எப்படிப் பிரிப்பது? நான் தலையைச் சொறிந்தேன். மனைவி வெங்காயம் வெட்டியபடியே தீர்ப்புச் சொன்னாள்: "அந்தத் தொகைக்குக் கீழை இறங்காமல் வைச்சிருந்தால் சரிதானே." பெரிய வங்கிகளும் அதைத்தான் செய்கின்றன என்று பிறகு அறிந்தேன்.

எல்லாம் ஒழுங்கு. இனி நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நான் சில வருடத்துக்கு ஒருமுறை கவனமான மனிதனாக மாறுவதுண்டு. அப்படி மாறுகிற நாளெல்லாம் யாருக்காவது கேடு வரும். முதல்நாள் வெள்ளிக்கிழமை காலை, சிஞ்ஞோராவைக் குளிக்க வைத்து யன்னலோரம் இருத்திய பிறகு, நாளைக்கு இந்தப் பை காலை வாரிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். ஒருக்காச் சோதித்துப் பார்ப்போம் என்று ஒரே ஒரு ஈரோ அனுப்பினேன். குறிப்பு எழுதுகிற இடத்தில் 'முதலாளி அம்மாவுக்கு' என்று போட்டேன். போய்விட்டது. கப்பல் இல்லை, ஏஜென்சி இல்லை, கூலி இல்லை. நானே அந்தப் பையைக் கண்டுபிடித்தவன்போலக் கூடத்தில் ஒரு சுற்று நடந்தேன்.

உடனே போன் அடித்தது.

"அண்ணை, இப்ப என்ன நேரம்?"

"பதினொண்டு தாண்டீட்டுது. ஏன், உன்ரை மணிக்கூடு பழுதோ?"

"வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு என்ன எண்டு யோசிச்சனீங்களோ?"

யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். பல் முளைக்க முதலே எங்களுக்குப் பாடமாக்கிவிடுகிற விஷயம்.

"நான் சும்மா சோதிச்சுப் பாத்தனான்..."

"கைவிசேடத்தை ஆரும் சோதிச்சுப் பாக்கிறதோ? புதுப் பை, அண்ணை. ஒரு சதம் விழாமல் உங்களுக்கெண்டு வைச்சிருந்தனான்."

"சரி, சரி. அதைத் திருப்பி அனுப்பிவிடு. வரேல்லை எண்டு வைப்பம்."

அடுத்த கணமே ஈரோ திரும்பி வந்தது. அவள் குறிப்பு எதுவும் எழுதவில்லை.

"இப்ப இன்னும் மோசம்," என்றாள். "முதல் வந்ததும் ராகு காலத்திலை. முதல் போனதும் ராகு காலத்திலை."

ராகுவுக்கே கைவிசேடம் கொடுத்துவிட்டோம் என்று ஒரு பகிடியைத் தொடங்கினேன். பாதியில் எனக்கே கேட்டது, அந்தப் பக்கம் சிரிப்பில்லை. தங்கச்சி சத்தம் போட்டால் எனக்குப் பயமில்லை, நாற்பது வருடமாகக் கேட்கிற சத்தம். அவள் மெதுவாகப் பேசினால்தான் பயம்.

"நான் நாளைக்குத் திறக்கேல்லை, அண்ணை," என்றாள் மெதுவாக. வைத்துவிட்டாள்.

பின்னேரம் பஸ்ஸில் வீடு திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். வேறு பை திறக்கலாமென்றால், ஒருவருக்கு ஒரு பைதான் தருவார்கள். அவள் புருஷனின் பைக்கு அனுப்பலாம் என்ற யோசனையை வெளியே விடாமல் விழுங்கினேன். நாளைக்குத் திறக்காவிட்டால் அடுத்த நல்ல நாள் பார்ப்பாள். அதற்குள் வாடகை ஓடும், பிசைந்த மா புளிக்கும். அதைவிட, மனசு விட்டுவிடும். முதல் கடையை மூடிய பிறகு அவள் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, ஒரு ஈரோவாலை ஒரு கடையைப் பூட்டின ஆள் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்."

"அதை விடும். ஒரு வழி சொல்லும்."

"கடைக்கு வாற சனம் எப்பிடிக் காசு குடுக்கும்?"

"சில்லறையாக் குடுக்கும். இல்லாட்டி உந்தப் போனாலை குடுக்கும்."

"போனாலை குடுத்தால் இவளின்ரை சொந்தப் பைக்குள்ளையோ போகும்?"

நான் போனை எடுத்தேன். தங்கச்சி எடுக்கும்வரை விடாமல் அடித்தேன். கடைக்கென்று தனிப் பை ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள், கடையின் பெயரில். அதற்கான கறுப்பு வெள்ளைச் சதுரக் குறியை அச்சடித்துக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாள். சனம் அதை போனால் படம் பிடித்தால் காசு அதற்குள் போகும்.

"அதுக்குள்ளை ஏதும் விழுந்ததோ?"

"கடை திறக்காமல் எப்பிடி விழும்?"

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள்.

"அப்ப பார்," என்றேன், "நான் கைவிசேடம் தரேல்லை. நான்தான் முதல் வாடிக்கைக்காரன். நாளைக்கு நல்ல நேரத்திலை பத்து ரோல்ஸ் வாங்கிறன். வாசலுக்கு முதல் வாற சனத்துக்குக் குடு."



"பத்து வேண்டாம், பூச்சியத்திலை முடியுது," என்றாள். "பதினொண்டு எடுங்கோ."

வியாபாரம் பேசத் தொடங்கிவிட்டாள்.

அவளுடைய குறியை என் போன் படம் பிடிக்க வேண்டுமென்றால் அதை வேறொரு திரையில் காட்ட வேண்டும். சிஞ்ஞோராவிடம் ஒரு டேப்லெட் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் மகனின் முகம் பார்ப்பதற்கு. சனிக்கிழமை காலை அவர் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். நல்ல நேரம், கெட்ட நேரம், ராசியான கை. படித்த மனுஷி, சிரிப்பார் என்று பார்த்தேன். கட்டிலில் தொப்பி வைத்தால் கெட்ட சகுனம் என்று கத்துகிற, பதினேழாம் தேதி டாக்டரிடம் போகாத ஊரில் நான் இதற்குத் தயங்கியிருக்கவே வேண்டாம். சிஞ்ஞோரா கோப்பையைக் கீழே வைத்தார்.

"எத்தனை மணிக்குள்?" என்று மட்டும் இத்தாலியனில் கேட்டார்.

"எட்டரைக்குள், சிஞ்ஞோரா."

"அப்படியென்றால் ஏன் நின்று கதைத்துக்கொண்டிருக்கிறாய்?"

இழுப்பறையிலிருந்து சிவப்புப் பவளக் கொம்பு ஒன்றை எடுத்து டேப்லெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணூறு படாமலிருக்க இந்த ஊர் வைத்திருக்கிற மருந்து அது.

தங்கச்சி திரையில் வந்தாள். பட்டுச்சேலை, அதன்மேல் சமையல் ஏப்ரன். பின்னால் மூடிய ஷட்டர், ஓட்டைகளால் வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சிஞ்ஞோராவுக்கு பலேர்மோ சந்தைப் பாஷையில் காலை வணக்கம் சொன்னாள். "இவள் எங்கள் பிள்ளையல்லவா," என்று சிஞ்ஞோரா என்னை ஏதோ ஒளித்துவைத்தவன்போலப் பார்த்தார்.

குறியைத் திரைக்கு நேரே பிடித்தாள். படம் பிடித்தேன். தொகையை அடித்தேன். விரலை வை என்றது போன். வைத்தேன். தெரியவில்லை என்றது. துடைத்து வைத்தேன். தெரியவில்லை. வருடக்கணக்கில் ப்ளீச்சில் ஊறிய விரல். ரேகை தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோவுக்கு ரேகை எடுக்கும்போதும் பொலிஸ்காரன் என் கையோடு மல்லுக்கட்டியிருக்கிறான். ஊருக்கெல்லாம் ராசியான கையை என் போனுக்கு அடையாளம் தெரியவில்லை. இன்னொருமுறை பிழை விட்டால் பூட்டிவிடுவேன் என்று எச்சரித்தது.

"அண்ணை, என்ன செய்யிறியள்?"

"நிக்கிறன் பிள்ளை, நிக்கிறன்."

"கையைக் கொடு," என்றார் சிஞ்ஞோரா. தன் கிரீமில் ஒரு பொட்டு எடுத்து என் கட்டைவிரலில் வைத்து, நான் தினமும் அவர் கைக்குத் தேய்த்துவிடுகிற மாதிரியே, ஆனால் என்னைவிட நிதானமாகத் தேய்த்தார். கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். "இப்போது அமர்த்தாதே. மெதுவாக வை."

மெதுவாக வைத்தேன். ஏற்றுக்கொண்டது.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மணிச் சத்தம் கேட்டது. தங்கச்சி தன் போனைப் பார்த்தாள், கண்ணை மூடித் திறந்தாள். பிறகு போனோடு எங்களைக் கல்லாவில் கிடத்திவிட்டுப் போனாள். திரையில் கூரை மட்டும் தெரிந்தது. ஷட்டர் கறகறவென்று மேலே போனது. கூரை பளிச்சென்று வெளித்தது. பஸ் ஒன்று மூச்சுவிட்டு நின்றது. எண்ணெய் பொரிகிற சத்தம். யாரோ இங்கிலீசில் இது என்ன, உறைக்குமா என்று கேட்டார்கள். உறைக்காது என்று தங்கச்சி பொய் சொன்னாள்.

சிஞ்ஞோராவும் நானும் அந்தக் கூரையை நல்ல படம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் முகம் ஒரு கணம் குறுக்கே வந்தது.

"அண்ணை, பிறகு கதைக்கிறன். ஆக்கள் நிக்கினம்."

திரை அணைந்தது. கூப்பிடு, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்ப்போம் என்றார் சிஞ்ஞோரா. மத்தியானம் அழைத்தோம், எடுக்கவில்லை. நாலு மணிக்கு அழைத்தோம், அப்போதும் எடுக்கவில்லை. தங்கச்சி என் அழைப்பை எடுக்காமல் விட்டதற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை.