அட்டையில்லாத மாத்திரை

உங்க வீட்டுக்காரர் ஒரு மாத்திரைய நீட்டுனா, அது எதுக்குன்னு அட்டையத் திருப்பிப் பாப்பீங்களா, இல்ல அப்படியே வாயில போட்டுக்குவீங்களா?

சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் கேக்குறேன்.

எம்.எஸ்.டபிள்யூ முடிச்சிட்டு திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி பால்வினை நோய் கிளினிக்ல காண்ட்ராக்ட் வேலை எனக்கு. வெட்டை நோய் கேள்விப்பட்டிருப்பீங்க, படுக்கையில ஒட்டுறது. முந்தி ஒண்ணு ரெண்டு மாத்திரையில ஓடிரும். இப்ப டவுனுக்குள்ள சுத்துறது அந்த மாத்திரைக்கு அடங்காத ரகம். ஒருத்தருக்கு இருக்குன்னு தெரிஞ்சா, அவரோட இருந்தவங்களையெல்லாம் தேடிப் புடிச்சு டெஸ்டுக்குக் கொண்டாரணும், எந்த மருந்துக்கு அடங்குதுன்னு பாக்கணும். துப்பறியுற வேலைன்னு பந்தாவா சேந்தேன். பாதி நாளு ஸ்விட்ச் ஆஃப் நம்பருக்கு போன் போட்டே போகுது.

போன மாசம் ஒருத்தரு வந்தாரு. விசேஷ வீட்டுக்கு பந்தல், சேர் வாடகைக்கு விடுறவரு. மெடிக்கல்ல கேட்டுக் கேட்டு நாலு தடவ மாத்திரை முழுங்கியும் ஒண்ணும் கேக்கலயாம். அந்த அட்டையக் காமிச்சாரு. சாம்பிள் எடுத்து ஊசி போட்டோம். சம்சாரத்தக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னதுக்கெல்லாம் தலைய ஆட்டுனாரு. கூட்டிட்டு வரவேயில்ல.

அதான் சின்னாளபட்டியில அவரு வீட்டுக்கு நானே போனேன், சுகாதார சர்வேன்னு சொல்லிக்கிட்டு. அவரு சம்சாரம், அந்தக்கா, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கிட்டே பேசுச்சு. என்னைய விட மூணு வயசு கூட இருந்தா அதிகம். ரெண்டு மாசமா அடிவயித்து வலியாம். கல்யாணமாகி மூணு வருசம், புள்ளையில்ல. மருந்து ஏதும் சாப்டுறீங்களான்னு கேட்டேன்.

"அவுகதான் வாங்கியாந்து குடுத்தாக புள்ள. கர்ப்பம் தங்குறதுக்காம். செவ்வாக்கெழம வெரதமிருந்து சாப்ட்டேன்."

பேப்பர் பொட்டலத்த எடுத்துக் காமிச்சுச்சு. அட்டை கிட்டை எதுவும் இல்ல. ஒரு மாத்திரை மிச்சம் இருந்துச்சு. அவரு எங்ககிட்ட காமிச்சாரே, மேல பொறிச்ச எழுத்து வரைக்கும் அதே மாத்திரை. அவருக்கே கேக்காதது. இந்த நோய அப்படியே விட்டா கருக்குழா அடைச்சிரும், அப்புறம் புள்ளையே தங்காது. அத முழுங்கச் சொல்லிருக்கான், புள்ளைக்குன்னு.

அத முழுங்காம பர்ஸ்லயே வச்சுக்கங்கக்கான்னு சொல்லிட்டு, வெளிய வந்து எங்க கிளினிக் மேடத்துக்கு போன் போட்டேன். ரூல் சொன்னாக. யார்கிட்டருந்து வந்துச்சுன்னு வாயத் தொறக்கக் கூடாது, "உங்களுக்குத் தொற்று இருக்கலாம், டெஸ்ட் எடுங்க"ன்னு மட்டும் சொல்லணும்.

"மேடம், அதுக்கு இருக்கிறதே ஒரே புருஷன். யாருன்னு சொல்லாம எப்படி மேடம் சொல்றது?"

மேடம் சிரிச்சிட்டாக. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ரூல் எதுக்குன்னு எனக்கும் தெரியும், ரகசியம் காக்கலேன்னா ஒரு பய டெஸ்டுக்கு வர மாட்டான். சரி, அந்தாளு மானத்த நாங்க காப்பாத்துறோம். இந்தக்கா வயித்த எவன் காப்பாத்துறது?

அந்தாளுக்கே போன் போட்டேன். "குடும்பத்துக்குள்ள கும்மியடிக்காத பாப்பா"ன்னாரு. வெள்ளிக்கெழம கூட்டிட்டு வாரீங்க, இல்லேன்னா நான் வீட்டுக்கு வாரேன்னு சொல்லி கட் பண்ணிட்டேன்.

இன்னைக்கு வெள்ளி. கூட்டிட்டு வந்துட்டாரு. என்ன சொல்லி? கர்ப்பப்பை செக்கப்பாம். கூச்சமே இல்லாம இன்னொரு பொய். அக்கா குளிச்சு பூ வச்சு வந்து உக்காந்திருக்கு.

அந்தாளு டீக்கடைக்குப் போன கேப்புல அக்காகிட்ட போனேன். யார்கிட்டருந்துன்னுதான் சொல்லக் கூடாது, மாத்திரை எதுக்குன்னு டாக்டர் சொல்லக் கூடாதுன்னு ரூல் இல்லையே.

"அக்கா, உள்ள போறப்ப அவர வெளிய நிக்கச் சொல்லுங்க. அந்த மிச்ச மாத்திரைய டாக்டர் மேசையில வச்சு, இது எதுக்குக் குடுக்குறதுன்னு கேளுங்க."

அக்கா பர்ஸத் தொறந்து பொட்டலத்த எடுத்துக் கைக்குள்ள வச்சுக்கிருச்சு.

எதுத்தாப்ல பெஞ்சுல உக்காந்து இத டைப் பண்றேன். அந்தாளு திரும்பி வந்து வாசல்ல நிக்கிறாரு. அக்கா டோக்கன் பதினேழு. இப்ப பதினாறு உள்ள இருக்கு.