டீயோடு தின்ற எள்ளுருண்டை

கர்ப்பப்பையில் கட்டி. அதை எடுத்தால்தான் மாதாமாதம் கொட்டுகிற ரத்தம் நிற்கும். ஆனால் கொட்டிக் கொட்டி என் உடம்பில் ரத்தம் குறைந்துவிட்டதால் இப்போது ஆபரேஷன் செய்ய முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இதற்கு யாரைத் திட்டுவது? வாசலில் கிடந்த என் செருப்பைத்தான் உதைத்தேன்.

"மாத்திரை மட்டும் பத்தாதும்மா. சாப்பாட்டுக்கு நடுவுல நல்லதா ஏதாவது சாப்பிடு. எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், வேர்க்கடலை. போண்டா பஜ்ஜியெல்லாம் விட்டுடு. ரத்தம் ஏறினா தேதி குடுக்கறேன்" என்றார் டாக்டரம்மா.

நடுவில் என்றால் எந்த நடுவில்? நான் ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஷிப்ட் முழுக்க லைனில் நின்றபடிதான் வேலை. உள்ளே ஒரு கடலையைக் கூடக் கொண்டுபோகக் கூடாது. மணி அடித்தால் டீ பிரேக். லாக்கருக்கு ஓடி டப்பாவை எடுத்து, கேன்டீனுக்கு ஓடி வரிசையில் நின்று டீ வாங்கி உட்காருவதற்குள் பாதி பிரேக் போய்விடும். டீயோடு கம்பெனி ஒரு போண்டா தரும். இத்தனை வருஷமாக அந்தப் போண்டாதான் என்னை மத்தியானம் வரை நிற்க வைத்தது.

சரி, உயிர் முக்கியம் என்று ஞாயிற்றுக்கிழமை எள் வறுத்தேன். வாரத்தில் ஒரு நாள் படுக்கலாம், அதையும் எள்ளுக்குக் கொடுத்தேன். வெல்லம் சேர்த்து மிக்ஸியில் அடித்து உருட்டி முடித்தபோது இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது.

எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. டப்பாவைத் திறந்தால் நடுவில்தான் வைக்க வேண்டும். மடியில் வைத்துத் தின்றால் அவளுக்குப் பெயர் வைத்துவிடுவார்கள், அந்தப் பெயர் வேலையை விட்டாலும் போகாது. நானும் நடுவில் வைத்தேன். முதல் கை என் பக்கத்து இடத்தில் நின்று வயர் கட்டுகிறவளுடையது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, என்னைவிடச் சின்னவள், பஸ்ஸிலும் என் பக்கத்து சீட்டு.

"இன்னாக்கா, எள்ளுருண்டயா? குடு குடு. இந்தா, என் போண்டாவ நீ துன்னு."

"அடியேய், அது எனக்கு மருந்துடி!"

"மருந்து இவ்ளோ நல்லா கீதே!"

மற்றவர்களும் சும்மா இருப்பார்களா? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதேதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதிகமாக உருட்டி எடுத்துப் போனேன். பசியோடு வருகிறவர்களை எப்படித் தடுப்பது? எனக்கென்று மிஞ்சியதை டீயில் நனைத்து நனைத்துத் தின்றேன். கம்பெனி டீக்கும் எள்ளுருண்டைக்கும் அப்படியொரு பொருத்தம். போண்டாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு ஒழுங்காக நான் எதையும் செய்ததில்லை.

மறுபடி ரத்தம் பார்த்தார்கள். ஏறவில்லை. கொஞ்சம் இறங்கியே இருந்தது. ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு அங்கேயே அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை. அங்கிருந்த நர்ஸ், "எள்ளுருண்டை எப்பம்மா சாப்பிடுற?" என்று கேட்டாள்.

"டீ குடிக்கசொல்ல."

"போச்சு போ! டீயோட சேத்தா எள்ளுல இருக்கற இரும்புச் சத்து ஒடம்புல ஒட்டாதும்மா. டீக்கு ஒரு மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோதான் சாப்பிடணும்."

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வறுத்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். டீ பிரேக்கில் டீ குடிக்காமல் எதைக் குடிப்பார்கள்? விட்டுப் பார்த்தேன். தலை விண்விண்ணென்று தெறித்தது. சிவப்பு வயர் போக வேண்டிய இடத்தில் மஞ்சளைச் செருகி சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். டீயை விட என்னால் முடியாது. அந்த டீ இல்லாவிட்டால் நான் நிற்கவே மாட்டேன்.

"பஸ்ல துன்னு. அங்கதான் டீ கெடயாதே" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

"பஸ்லயா? அது தூங்கற நேரம்டி!"

காலை ஷிப்டுக்கு இருட்டோடு கம்பெனி பஸ் வரும். பிள்ளைப்பாக்கத்தில் ஏறினால் ஊர் ஊராகச் சுற்றி ஆளை அள்ளிக்கொண்டு ஒரகடம் போகும். அந்தச் சுற்றில் கிடைக்கிற தூக்கத்துக்கு ஈடு எதுவுமில்லை. வீட்டுத் தூக்கத்தில் அடுப்பும் துணியும் கூடவே படுத்திருக்கும். பஸ் தூக்கம் எனக்கே எனக்கு. அதிலும் அவள் தூக்கம் ஊரறிந்தது. உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் வாய் பிளந்துவிடும். கம்பெனி கேட்டில் டிரைவர் கத்தித்தான் எழுப்புவார்.

"நீ தூங்கு. வல்லம் வடகால் வந்தா நான் எழுப்பறேன்" என்றாள்.

"நீயா? நீ எழுப்பி நான் எழுந்து... கிழிஞ்சுது போ."

ஆனால் எழுப்பினாள். வல்லம் வடகால் திரும்பியதும் விலாவில் ஒரு இடி. "எழுந்துருக்கா. துன்னுட்டு அப்பால தூங்கு." கண்ணைத் திறந்தால் டப்பா மூடி திறந்து அவள் மடியில் இருக்கும். "சனியனே, வுடுடி" என்று திட்டுவேன். உருண்டையை வாயிலேயே திணித்துவிடுவாள். மழை நாளில், தீபாவளிக்கு மறுநாள், அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு ராவெல்லாம் விழித்திருந்த மறுநாளும் எழுப்பினாள். கண்ணெல்லாம் ரத்தமாகச் சிவந்திருக்க, தூங்காமலிருக்கத் தன் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ஏண்டி இப்பிடி?"

"நீ லைன்ல வுழுந்துட்டா ஒன் வேலையும் என் தலையிலதான வுழும். ஒனக்கோசரம்னு நெனச்சுக்காத."

மறுபடி ரத்தம் பார்த்தார்கள். ஏறியிருந்தது. டாக்டரம்மா நாள்காட்டியைப் பார்த்து தேதி சொன்னார்.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னேன். "ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்கடி."

அவள் என் கையைப் பிடித்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அப்பாடா. அப்ப இனிமே நான் தூங்கலாமாக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டாள். பிடித்த கை பிடித்தபடி இருந்தது. வல்லம் வடகால் திரும்பியதும் இன்னொரு கையால் டப்பாவைத் திறந்து, அவள் எழுந்துவிடாமல், சத்தமில்லாமல் மென்றேன்.