குற்றாலத்தில் ஊறிய முகம்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மருமகள் போனில் தட்டுகிறாள். உடம்புக்கு முடியாதவர்களைக் கூட்டிக்கொண்டு சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம். என் வீட்டுக்காரி பாக்கியத்துக்கு விரல் மூட்டெல்லாம் வலி. இரண்டு கன்னத்திலும் மூக்குத்தண்டைத் தாண்டிச் சேர்ந்தாற்போல் சிவப்பு. அருவித் தண்ணீர் பட்டால் மாறும் என்றார்கள். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிறவன் நான். லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினோம். தென்காசி ஆறு மைல், அங்கிருந்து குற்றாலம் மூன்று மைல். அறை எடுத்து, சாரல் முடியும்வரை தங்கிக் குளித்து உடம்பைத் தேற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

இரண்டாம் வாரம் அவள் முகம் உப்பியது. பக்கத்து அறைக்காரி பார்த்துப் பூரித்துப்போனாள்.

"ஏட்டி, தண்ணி ஒனக்கு நல்லா ஒட்டிட்டு. கன்னத்தைப் பாரு."

"வரும்போது வளையல் தொளதொளன்னு கிடந்துச்சு. இப்ப கழட்டவே முடியல" என்று பாக்கியமும் சிரித்தாள்.

எனக்கு அந்த வளையல்தான் உறுத்தியது. அவளுக்குச் சோறே இறங்கவில்லை. பிறகு எங்கிருந்து சதை வரும்? மறுநாள் காலையில் கண் இமை வீங்கித் திறக்கவில்லை. "ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணியா நுரைக்குது" என்று மெதுவாகச் சொன்னாள். அப்போதே பஸ்ஸுக்கு நடந்தோம்.

"என்ன அண்ணாச்சி, சாரல் முடியுமுன்ன மூட்டையக் கட்டிட்டீய? மாமியா வெரட்டிட்டாளா?" என்றார் கண்டக்டர். ஆஸ்பத்திரிக்கு என்றேன். தென்காசியில் ஒரு டாக்டர் வாசலிலேயே அவர் டிரைவரிடம் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார்.

டாக்டர் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் சூடுகாட்டினார். முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டது.

"கிட்னி கெட்டுக்கிட்டு வருது" என்றார்.

"தண்ணி ஒத்துக்கிடலையா சார்?"

"அருவி மேல குத்தமில்ல. ஒம்ம சந்தையில காவக்காரன் கள்ளனைக் கண்டா விசில் ஊதுவாம்லா? கம்போட நாலு பேரு வருவான். இவ ஒடம்புல கிருமியைப் பாத்து ஊத வேண்டியவனுக்குக் கடைக்காரனே கள்ளனாத் தெரியுதான். கூட்டம் கிட்னியில போயி அடிக்குது. வந்தவன் ஒவ்வொருத்தனும் திரும்ப ஊதுதான்."

"விசிலைப் பிடுங்கிறலாமா சார்?"

"பிடுங்கினா நெசக் கள்ளன் வரும்போது யாரு கூப்பிடுவா? சத்தத்தைக் கொறைக்க மாத்திரை தாரேன். வெயிலு ஆகாது, உப்பு ஆகாது. காய்ச்சல்னா அன்னைக்கே வரணும்."

லூபஸ் என்று அன்று அவர் சொன்ன நோயின் பேரை நான் மறக்கவில்லை.

நுரை குறைந்தது. ஆனால் முகம் மறுபடி உருண்டது. அந்த மாத்திரையும் முகத்தை உப்ப வைக்குமாம். இது நோயா, மருந்தா என்று எனக்கு எப்படித் தெரியும்? டாக்டர் சொல்லித்தந்தபடி, தினமும் விடிந்ததும் அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பில் கட்டைவிரலை வைத்து அழுத்துவேன். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் சேர்கிறது, நோய்தான். "ஒங்களுக்கு வேற சோலி இல்லையா" என்று ஏசுவாள். விரலை எடுத்துப் பார்க்கிறவரை மூச்சுவிட மாட்டாள்.

மூத்த மகள் கல்யாணத்தில் பந்தியை அவள்தான் கவனித்தாள். இளையவள் கல்யாணத்துக்கு இல்லை. இடையில் ஒரு ஐப்பசியில் வந்த காய்ச்சல், அன்றைக்கே கூட்டிப்போயும் இறங்கவில்லை.

சீசனில் விடியுமுன் போனால் அருவியில் கூட்டம் இருக்காது. ஆனால் கூட வருகிறவருக்கு முகம் வீங்கி, சிறுநீர் நுரைத்தால், தென்காசியிலேயே இறங்கிப் பரிசோதித்துவிடுங்கள். அருவி எங்கேயும் போய்விடாது.